பிறந்த லயம் யாருடையது?

ஹட்டனும் நுவரெலியாவும் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டன. அந்த நகரங்களைச் சுற்றியிருக்கும் மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தியவர்களிடம் சொல்வதற்குக் கதை நிறைய உண்டு. காட்டுவதற்குக் காணி உறுதிதான் இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையில் ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. கொழும்பிலிருந்து இரவோடு இரவாகப் புறப்பட்ட பஸ்கள் கினிகத்தேனை ஏற்றத்தில் மூச்சு வாங்கி வந்து ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகின்றன. வெள்ளவத்தைப் புடவைக் கடையில் நிற்கும் பையன், புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுபவன், கட்டுநாயக்காவில் ஆடை தைக்கும் பெண், யாரோ ஒருவர் வீட்டில் சமையலுக்கு நிற்கும் அம்மா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறார்கள். ஒருத்தன் தோளில் ஸ்பீக்கர் பெட்டி. இன்னொருத்தி கையில் கயிறு கட்டிய பிரஷர் குக்கர். "சாமிமலை, சாமிமலை!", "மஸ்கெலியா!", "பொகவந்தலாவை, பொகவந்தலாவை!" என்று கண்டக்டர்மார் தொண்டை கிழியக் கத்த, குளிரில் வாயிலிருந்து ஆவி பறக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்குள் அத்தனை பேரையும் மலைகள் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "வீட்டுக்கு."

அந்த வீட்டின் சட்டபூர்வமான சொந்தக்காரர் அவர்களில் ஒருவரும் இல்லை. வரிசை வீடான லயம் நிற்கும் நிலம் அரசாங்கத்தினுடையது. அதைக் குத்தகைக்கு வைத்திருப்பது தோட்டக் கம்பனி. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தின் செக்ரோல் பதிவேட்டில் பேர் பதிந்து வேலை செய்யும்வரை லயத்துக் காம்பரா அவர்களுக்கு. அதற்குப் பிறகு துரையின் மனசு. பேரப்பிள்ளைகள் கொழும்பில் சம்பாதித்துச் சீமெந்து வாங்கி வந்து பின்பக்கம் ஒரு குசினி இறக்கினாலும் அந்தக் கணக்கு மாறாது. மலையகத்தில் எந்தக் குடும்பத்தின் பழங்கதையைக் கிளறினாலும் இந்த இடத்தில் வந்து முட்டாமல் போவதில்லை.

தொங்கல் காம்பரா

நான் பிறந்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தின் பணியக்கணக்கில், அதாவது கீழ்ப் பிரிவில். இருபது காம்பரா லயம். எங்களுடையது கடைசி, அதாவது தொங்கல் காம்பரா. தொங்கல் என்றால் லயத்தில் கொஞ்சம் மரியாதை. மூன்றாவது பக்கச் சுவரில் ஜன்னல் வெட்டலாம், பக்கத்தில் இரண்டு பாத்தி லீக்ஸ் போடலாம், ஒரு மாட்டைக் கட்டலாம். மற்றபடி எல்லோருக்கும் ஒரே அளவுதான்: பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயம் என்பதால் பின்வீட்டுத் தாத்தாவின் இருமல் எங்கள் வீட்டு இருமலாகத்தான் கேட்கும்.

அதற்குள் அப்பாயி, அப்பா, அம்மா, கலியாணமாகாத சித்தப்பா, அத்தை, நாங்கள் பிள்ளைகள். சித்தப்பாவுக்குக் கலியாணம் முடிந்ததும் காம்பராவின் குறுக்கே ஒரு சேலை கட்டப்பட்டது. மற்றவர்கள் படுக்கை இஸ்தோப்புக்கு மாறியது. இளவட்டங்கள் கோயில் மண்டபத்துக்குப் போய்ப் படுத்தார்கள். புதுப்பெண் சிரித்தாலும் அழுதாலும் பத்துக் காம்பராவுக்குத் தெரியும். இதை வறுமையின் அழகு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தச் சேலைக்குப் பின்னால் படுத்தவர்கள் யாரும் அப்படி எழுதியதாக நான் பார்த்ததில்லை.

அப்பாயியின் ரொட்டியைப் பார்த்தால் அன்றைக்குத் தேதி என்னவென்று சொல்லிவிடலாம். சம்பளம் போட்ட வாரத்தில் கோதுமை மாவில் தேங்காய்ப்பூ தாராளமாக விழும். ரொட்டி மெல்லிசாக, ஓரம் முறுகி வரும். மாசக்கடைசியில் தேங்காய் நின்றுவிடும், ரொட்டி தடிக்கும். மாவைத் தகரத்தில் போட்டு விரல் நுனியால் தட்டித் தட்டி விரிப்பாள். அந்த விரல் தடங்கள் வெந்த ரொட்டியில் குழிகுழியாகத் தெரியும். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து இடித்த கட்டச்சம்பலை நடுவில் வைத்து, பழைய துணியில் சுற்றி, கூடைக்குள் போட்டுக்கொண்டு அம்மா மலைக்குப் போவாள். பத்து மணிக்கு அது கல்லாகியிருக்கும். சாயத்தண்ணியில் நனைத்துத்தான் விழுங்க வேண்டும். உலகத்துக்கே தேயிலை கொடுத்த மலையில் எங்களுக்கு வாய்த்தது தூள் தேயிலைதான் என்பதை நாங்கள் பெரியவர்களான பிறகுதான் யோசித்தோம்.

பீலிக்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்துச் செய்திகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். யாருக்கு அரைப்பேர் போட்டார்கள், எந்த மலையில் குளவி கொட்டியது, யார் மகள் யாரோடு பேசினாள் எல்லாம் குடம் நிறைவதற்குள் முடிந்துவிடும். மட்டமான நாளில் கொழுந்து நிறை குறைந்தால் முழுப்பேர் கிடைக்காது. காலையிலிருந்து அட்டைக்கடியோடு நின்றவளுக்கு அரை நாள் சம்பளம். அந்த அரைச் சம்பளத்தையும் நீண்ட காலம் ஆண்தான் கைநீட்டி வாங்கினார். அம்மாவின் பெயரில் விழுந்த காசை அப்பா வாங்கிக்கொண்டு வந்ததை வீட்டில் ஒருவரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

1974 என்ற வருசத்தை மட்டும் அப்பாயி எண்ணாகச் சொல்ல மாட்டாள். "பஞ்சம் வந்தப்ப" என்பாள். காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்த காலம். வேலைநாள் குறைந்தது, கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கின. தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு இறங்கிக் கையேந்தினார்கள். பட்டினியில் செத்தவர்களும் உண்டு. 1977 மே மாதம், தோட்டக் காணி ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் நின்ற தொழிலாளர் கூட்டத்தின் மேல் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். அவர் பெயர் தெரியாத லயம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

┌──────────
பெட்டி: எண்ணிக்கையில் மலையகம்

இலங்கையின் சனத்தொகைக் கணக்கெடுப்புகளில் இந்திய வம்சாவளித் தமிழரின் பங்கு:

1946: 11.7 சதவீதம்
1981: 5.5 சதவீதம்
2012: 4.1 சதவீதம்
2024: 2.8 சதவீதம்

கப்பலேறிப் போனவர்கள் ஒரு காரணம். 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்கள் இன்னொரு காரணம். அடையாள அட்டைக்கும் அரச வேலைக்கும் அலைந்து களைத்தவர்கள் அப்படிப் பதிந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?
└──────────

ஒப்பாரிக் கோச்சி

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1820களில் கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1869இல் கோப்பியில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருசம் முன்பே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. 1884இல் ரயில் ஹட்டனைத் தொட்டது, அடுத்த வருசம் நானுஓயாவை. சுதந்திரம் கிடைத்த 1948லேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை.

நாட்டுக்கு நடந்தது இது. வீட்டுக்கு நடந்தது 1964 ஒக்டோபர் 30க்குப் பிறகுதான். அன்றைக்குச் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியின் காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். யாரிடமும் முன்கூட்டிக் கேட்கவில்லை. பின்னர் விண்ணப்பம் கேட்டபோது, இந்தியாவைக் கேட்டவர்களைவிட இலங்கையைக் கேட்டவர்களே அதிகம்.

எங்கள் காம்பராவில் இரண்டு விண்ணப்பம் எழுதப்பட்டது. அப்பா இலங்கைக்கு எழுதினார். பிறந்த இடம் இதுதான், வேறெங்கே போவது என்பது அவர் நியாயம். சித்தப்பா இந்தியாவுக்கு எழுதினார். இங்கே என்றைக்கு ஒருநாள் விரட்டுவார்கள், அதற்கு முன் நாமே போய்விடலாம் என்பது அவருடையது. இருவரில் யார் சொன்னது சரி என்ற வழக்கு எங்கள் குடும்பத்தில் இன்னும் முடியவில்லை. 1977, 1981, 1983 என்று ஒவ்வொரு கலவரத்தின்போதும் சித்தப்பாவின் கை ஓங்கும். பின்னாளில் சித்தப்பா போய்ச் சேர்ந்த கோத்தகிரியிலிருந்து வேலை இல்லை, ரேஷன் கார்டு இல்லை என்று கடிதம் வந்தால் அப்பாவின் கை ஓங்கும்.

கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் காரியாலயத்தில் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். பயண நாள் குறித்ததும் ஆட்டை விற்றார்கள், கோழியை அடுத்த காம்பராவுக்குக் கொடுத்தார்கள், அம்மியை எடுத்துப்போக முடியாதென்று அப்பாயியிடம் விட்டார்கள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி நின்றது. ஏறியவர்களும் நின்றவர்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சாவு வீட்டில் பாடும் அதே ராகம். வட்டவளை, நாவலப்பிட்டி என்று நின்ற இடத்திலெல்லாம் புதுக்குரல்கள் சேர்ந்துகொண்டன. அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வந்துவிட்டது. தலைமன்னார் இறங்குதுறையில் 'ராமானுஜம்' கப்பல், அக்கரையில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். தாத்தாவின் தகப்பன் இலங்கைக்கு வரும்போது நோய்த்தொற்றுக்காகத் தடுத்து வைத்துச் சோதித்த அதே மண்டபம். பேரன் திரும்பிப் போகும்போதும் அங்கேதான் வரிசையில் நின்றான்.

1984இல் போர் காரணமாகக் கப்பல் நின்றபோது, பிள்ளைகளையும் சேர்த்து நாலரை லட்சம் பேருக்கு மேல் போய்விட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் கையிலிருந்தும் போகாமல் இங்கேயே தங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமல் அவர்களின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1988இல் ஒரு சட்டமும் 2003இல் இன்னொரு சட்டமும் வந்த பிறகுதான் அந்தக் கணக்கு தீர்ந்தது. எண்பதுகளில் பிறந்த என் வகுப்புத் தோழன் ஒருவன் தேசிய அடையாள அட்டை எடுத்தபோது அவனுக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் இருந்தது.

டவுன் வளர்ந்த கதை

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஹட்டன் என்றால் ஒரு தெரு. மாணிக்கப் பிள்ளையார் கோயில், ஸ்டேசன், நாலு புடவைக் கடை, நகைக் கடை, அடகுக் கடை. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு தோட்டத்துச் சனம் இறங்கினால் தெரு நிறையும். மற்ற நாட்களில் கடைக்காரர்கள் வாசலில் நின்று கதை பேசுவார்கள். இன்றைக்கு அந்தத் தெருவில் மூன்று மாடி நாலு மாடிக் கட்டடங்கள், போன் கடைகள், மருந்துக் கடைகள், மாடிக்கு மாடி டியூசன் வகுப்புகள். டிசம்பரில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கினால் மே வரை வெளியூர் பஸ்கள் விடிய விடிய ஓடும்.

இந்த டவுனை எழுப்பிய காசு எங்கிருந்து வந்தது என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. முதலில் கொழுந்துக் காசு. பிறகு ஆசிரியர் சம்பளம். 1977க்குப் பிறகு தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதன்பின் வந்த ஆசிரியர் நியமனங்கள்தான் லயத்திலிருந்து வெளியே வந்த முதல் தலைமுறையை உருவாக்கின. கங்காணி மகன் ஆசிரியராகி டவுனில் வாடகைக்கு வந்தார், பிறகு காணி வாங்கினார், மகளைப் பேராதனைக்கு அனுப்பினார். ஹட்டனில் இன்று மாடி வீடு வைத்திருக்கும் பல குடும்பங்களின் வரலாறு இந்த ஒரே வரியில் அடங்கிவிடும். மூன்றாவது காசு, கொழும்பிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் மாசாமாசம் வருவது. குவைத்தில் ஒரு தாய் ஒரு வீட்டுப் பிள்ளையை வளர்க்க, அவள் பிள்ளையை லயத்தில் அம்மாயி வளர்க்கிறாள்.

நுவரெலியாவின் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் வெள்ளைக்காரன் தனக்காக உண்டாக்கிய ஊர் அது. குதிரைப் பந்தயத் திடல், கிறகறி வாவி, ஹில் கிளப் எல்லாம் அவன் விட்டுப்போனவை. ஏப்ரல் வசந்த காலத்துக்குக் கொழும்புக் கார்கள் ஏறி வரும்போது, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் மரக்கறியும் ஸ்ட்ரோபெரியும் விற்க வீதியில் நிற்பார்கள். 1983 ஜூலையில் அந்த நகரின் தமிழ்க் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள், வசந்த காலக் கூட்டத்தை வேறு கண்ணோடுதான் பார்க்கிறார்கள்.

இரண்டு இடத்துக்கும் பொதுவான மாற்றம் ஒன்று உண்டு. தோட்டத்தின் பழைய கட்டடங்களுக்குத் திடீரென்று மவுசு வந்திருக்கிறது. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரை பங்களாக்கள் உலகப் பணக்காரர்கள் வந்து தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே ஓர் இரவுக்கு வாங்கும் பணத்துக்குக் கொழுந்து எடுப்பவள் மாதக்கணக்கில் கூடை சுமக்க வேண்டும். பங்களாக்களைத் தூசு தட்டி, வரலாறு என்று பலகை எழுதி, பித்தளைக் கைப்பிடியைத் துலக்கி வைத்திருக்கிறார்கள். அதே வருசங்களில் கட்டிய லயங்களின் தகரம் மட்டும் அன்று போட்ட தகரமாகவே கிடக்கிறது. பங்களாவில் அப்புவாக இருந்தவரின் பேரன் அதே பங்களாவில் இன்று வெள்ளைச் சட்டையோடு தேத்தண்ணி பரிமாறுகிறான். சம்பளம் தோட்டத்தைவிடப் பரவாயில்லை என்கிறான். அதில் பொய் இல்லை.

┌──────────
பெட்டி: நீருக்குள் போன மஸ்கெலியா

இப்போதிருக்கும் மஸ்கெலியா இரண்டாவது மஸ்கெலியா. பழைய டவுன் 1960களின் கடைசியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளியே தெரியும். அப்போது பழைய ஆட்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கடைத்தெரு இருந்த இடத்தைக் காட்டுவார்கள். காசல்ரீ, மவுசாக்கலை, மேல்கொத்மலை என்று மலையகத்து நீரில் மின்சாரம் எடுத்த ஒவ்வொரு திட்டத்துக்கும் எங்கோ ஒரு குடியிருப்பு இடம்பெயர்ந்திருக்கிறது. அந்த மின்சாரம் லயங்களுக்கு வந்து சேர்ந்தது வெகு தாமதமாகத்தான்.
└──────────

முகவரி என்ற இடத்தில் எதை எழுதுவது?

வீடு சொந்தமில்லாததன் விளைவுகள் சட்டப் புத்தகத்தில் இல்லை, சின்னச் சின்ன விசயங்களில் இருக்கின்றன. வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே முகவரிதான்: தோட்டத்தின் பெயர். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது மனம் வைத்தால் லயத்துக்கு வரும். ஒரே பெயரில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுக் கைக்கும் போய்த் திரும்பும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை இல்லாத தோட்டத்தைக் காண்பது கஷ்டம். எனக்கு வந்த ஒரு கடிதமும் அப்படிப் பழசாகித்தான் வந்து சேர்ந்தது. வங்கியில் கடன் கேட்டால் பிணைக்குக் காணி கேட்பார்கள். இல்லாததைக் கேட்டால் என்ன செய்வது? அடகுக் கடைக்குத்தான் போக வேண்டும். ஹட்டன் தெருவில் அடகுக் கடைகள் ஏன் இத்தனை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன்.

தெரு விளக்கு போனாலும் இதே கதை. 1987இன் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாதபடி வைத்திருந்தது. வாக்குக் கேட்டு வந்த உறுப்பினர், வென்ற பிறகு லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் போடச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருசமாக எங்கள் வாக்குக்கு ஒரு கல்வர்ட் கட்டும் பெறுமதிகூட இருக்கவில்லை.

முதியவர்கள் பாடு இன்னும் மோசம். வேலையிலிருந்து ஓய்வெடுக்கும் அப்பாயிமாருக்குச் சேமலாப நிதி கொஞ்சம் கிடைக்கும். அதை மகன் ஆட்டோ வாங்கப் போடுவான். காம்பராவில் இருக்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது மலைக்குப் போக வேண்டும் என்ற நெருக்குதல் இருப்பதால், படித்த மருமகள் ஒருத்தி பேருக்குச் செக்ரோலில் பதிந்துகொண்டு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறாள். தோட்டங்களில் குடியிருப்பவர்களில் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இன்று சிறுபகுதிதான். கம்பனி இவர்களைச் சுமை என்கிறது. இவர்கள் இதை ஊர் என்கிறார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் ஊர் என்ற அந்த விசயம் ஏறுவதே இல்லை. 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது, 2024இல் 1,350. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவோடு 1,750 ஆக்குவதாக அறிவித்தார்கள். வேண்டிய காசுதான், மறுக்கவில்லை. ஆனால் எழுபது வயதில் எந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்போம் என்பதை அந்தத் தொகை தீர்மானிக்காது.

ஏழு பேர்ச்சஸ்

வீட்டுக்கதையில் நல்ல அத்தியாயமும் உண்டு. 2015க்குப் பிறகு லயத்தை உடைத்துத் தனித்தனி வீடு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச்சஸ் காணி, அதற்கு உறுதி என்ற பேச்சு எழுந்தது. இந்திய உதவியில் நாலாயிரம் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் மோடி வந்து நின்று இன்னும் பத்தாயிரம் வீடு என்றார். அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் உறவு வைத்திருப்பவர்கள். அக்கரையில் இருக்கும் அத்தை மகனின் பிரதமர் இங்கே வந்து வீடு தருகிறார் என்பதில் பெருமையா, வேடிக்கையா என்று அன்றைக்கு எங்களுக்குள்ளேயே பட்டிமன்றம் நடந்தது.

புது வீடுகளுக்குள் போய்ப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கதவுகள். அறைக்கு ஒரு கதவு. பதின்ம வயதுப் பெண்பிள்ளை உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். தனிக் கழிப்பறை. வாசலில் ரோசாச்செடி, போஸ்ட் பெட்டிகூட. லயத்தில் மூன்று தலைமுறையாக இல்லாத அந்தரங்கம் ஒரு தாழ்ப்பாளில் வந்துவிட்டது. பெரியவர்கள் சிலருக்கு அது பழகவில்லை. பக்கத்துக் காம்பராச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்கிறார்கள். அவர்களைக் கேலி செய்யப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தேவைக்கு முன்னால் இந்த எண்ணிக்கை சிறிது. வருசத்துக்கு வருசம் அமைச்சர் மாறுகிறார், அமைச்சின் பெயர் மாறுகிறது, வீட்டின் வரைபடம் மாறுகிறது. உறுதி கிடைத்தவர்களுக்கும் கேள்வி மிச்சம்: மகனுக்குக் கலியாணமானால் ஏழு பேர்ச்சஸில் எங்கே இன்னொரு வீடு? லயத்தில் காம்பராவைச் சேலையால் பிரித்தோம். இங்கே காணியைக் கயிற்றால் பிரிக்கப் போகிறோம். ஏழு பேர்ச்சஸ் என்பது குடியிருக்கப் போதும், பயிர் செய்து பிழைக்கப் போதாது. கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒன்றுக்குக் கிடைத்த காணியோடு இதை ஒப்பிட்டுப் பேசினால் இனவாதம் என்கிறார்கள். கணக்கு என்று நான் சொல்வேன்.

டித்வாவுக்குப் பிறகு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகத்தைச் சரித்துப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு மோசமாகத் தாக்கியது. எங்களுக்கு இது புதிதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்கடியில் போனதை நாடே பார்த்தது. அங்கு ஆபத்து இருப்பது முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தாலும் போவதற்கு வேறு நிலம் இருக்க வேண்டுமே. லயத்தைக் கட்டியவன் பங்களாவை மேட்டிலும் தொழிற்சாலையைச் சமதரையிலும் வைத்துவிட்டு, மிஞ்சிய சரிவில்தான் ஆட்களை இருத்தினான்.

புயலுக்குப் பிறகு பேச்சு பழைய இடத்துக்கே வந்தது. பாதுகாப்பான காணி எங்கே? தேயிலை பிடுங்கிக் கைவிட்ட நிலங்கள் தோட்டங்களில் இருக்கின்றன. அதைக் கொடுங்கள் என்பது ஒரு குரல். வடக்கு கிழக்குக்குப் போய்விடலாம் என்பது இன்னொரு குரல். இந்த இரண்டாவது யோசனையைக் கேட்டதும் என் தலைமுறைக்கு முந்தியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் காடு வெட்டிக் குடியேறப் போனவர்கள் அவர்களின் அக்கா தங்கைகள். போன இடத்தில் போர் வந்தது. அங்கேயும் பல குடும்பங்கள் நெடுங்காலம் காணி உறுதி இல்லாமலே இருந்தன. இளையவர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். வடக்கும் வேண்டாம், மலையும் வேண்டாம், ஹட்டன் டவுனை ஒட்டி, பஸ் போகும் வீதியோரத்தில் பத்துப் பேர்ச்சஸ் கிடைத்தால் போதும் என்கிறார்கள். டவுனை ஒட்டிய காணி விலை எங்கே போயிருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

அக்கரையிலும் அதே மனு

கதையை இந்தக் கரையில் மட்டும் நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். சித்தப்பாவைப் போலத் திரும்பிப் போனவர்களுக்காக, 1960களின் கடைசியில் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. பின்னாளில் அது டான்டீ என்ற அரசுக் கழகம். சித்தப்பா அங்கேயும் மலைக்குத்தான் போனார், லயத்தில்தான் இருந்தார். அக்கம்பக்கத்தார் அவரைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே நாங்கள் கள்ளத்தோணி என்று கேட்டுக்கொண்டிருந்த அதே வருசங்களில்.

இப்போது வாட்ஸ்அப்பில் சித்தப்பாவின் மகனும் நானும் வாரத்துக்கொரு முறையாவது பேசுகிறோம். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கியபோது, ஒருமுறை வந்து பிறந்த லயத்தைப் பார்க்க வேண்டுமென்று அவன் சொன்னான். பிறகு ஒத்திவைத்துவிட்டான். அதற்குக் காரணம் பயணக் காசு அல்ல. 2022இல் தமிழ்நாட்டு அரசு டான்டீயின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேயர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென்று முடிவெடுத்தது. நட்டம் தாங்கவில்லை என்றார்கள். ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும், மாற்று வீடு தருவோம் என்றார்கள். எந்த ஊரில், யார் காசில், யார் பெயரில் என்பதற்கு அங்கே மனுப் போட்டு அலைகிறார்கள்.

இங்கே எங்கள் தோட்டத்திலும் புது வீட்டுப் பட்டியலுக்கு விவரம் எடுக்கிறார்கள். குடும்பம் எத்தனை வருசமாகத் தோட்டத்தில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். தாத்தாவின் பழைய செக்ரோல் பதிவு காரியாலயத்தில் இல்லை. தோட்டம் கைமாறியபோது புத்தகங்கள் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சித்தப்பாவின் மகனிடம் கேட்டேன். கப்பலேறும்போது கொடுத்த குடும்ப அட்டையைப் படமெடுத்து அனுப்பினான். அதில் தாத்தாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கின்றன. இந்தியாவுக்குப் போனதற்கான அந்த அத்தாட்சியைத்தான் இலங்கையில் இருந்ததற்கான அத்தாட்சியாகக் கிராம சேவகரிடம் கொடுத்திருக்கிறேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.